உடையாத அடாப்டருக்கு ஆயுள் கிடையாது

சனிக்கிழமைப் பத்திரிகையில் என் தங்கை புருஷன் ஃபோல்க்மாரின் படம் வந்திருந்தது. பதினொன்றாம் பக்கம், கால்பந்துக்கும் முயல் வளர்ப்போர் சங்கத்துக்கும் நடுவில். உடைந்த இரும்புத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, முதல் பிள்ளை பெற்றவன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். கீழே எழுதியிருந்தது: 'ஹாம்மர்பெக் ஊரின் மிக நீடித்த அடாப்டர். ஆயுள் மூன்று வருடம் பதினொரு மாதம்.'

எனக்கு வயிறு எரிந்தது. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நல்ல மனசுக்காரனாக இருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவியிருப்பான். நான் அந்தப் பக்கத்தை நான்கு தடவை படித்தேன். காப்பி ஆறிப்போனது.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. ஃபோல்க்மாரும் நானும் கெம்ப்னர் அம்மாவின் கம்பெனியில் கூரைகளுக்குச் சோலார் பலகை பூட்டுகிறவர்கள். கூரை ஓடுகளை விலக்கிவிட்டு, அடியில் இருக்கும் மரச்சட்டத்தில் நீளமான போல்ட்டுகளை இறக்குவது எங்கள் பிழைப்பு. அதற்குப் பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். அது சும்மா சுற்றாது, சுற்றும்போதே நிமிடத்துக்கு மூவாயிரம் அடி அடிக்கும். அதன் வாய்க்கும் போல்ட்டைக் கவ்வும் சாக்கெட்டுக்கும் நடுவே நிற்பதுதான் அடாப்டர். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் அறுகோண வால், மறு முனையில் சதுரத் தலை, இடையில் மெலிந்த கழுத்து. அத்தனை அடியும் அந்தக் கழுத்தில்தான் விழும். போவதாக இருந்தால் அங்கேதான் போகும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பரில் நாங்கள் இருவரும் ஒரே அட்டையில் இரண்டு அடாப்டர் இருந்த பாக்கெட்டை வாங்கி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். அவனுடையது அடுத்த ஆகஸ்ட்டிலேயே போய்விட்டது. நெதர்லாந்துக் கடற்கரைக்கு விடுமுறை போகிற வழியில் கேரவன் சக்கரத்தைக் கழற்றுகிறேன் என்று மாட்டி முறுக்கினான், கழுத்து முறிந்தது. துண்டுகளை ஊறுகாய் வெள்ளரிக்காய் ஜாடி ஒன்றில் போட்டு கராஜில் வைத்துவிட்டு மறந்துபோனான். வேறொன்று வாங்கவும் மறந்துபோனான். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவன் இறக்கிய ஒவ்வொரு போல்ட்டும் என் அடாப்டரில் இறங்கியதுதான். "மச்சான், அதக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு" என்பான். நானும் தள்ளுவேன். இளிச்சவாயன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது போலும்.

இது வெறும் பத்திரிகைப் படத்தோடு போயிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருப்பேன். ஆனால் எங்கள் பழைய மேஸ்திரி செப்டம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறார். மேஸ்திரி என்றால் கூரை ஏற வேண்டாம். கீழே நின்று டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வலது முட்டி இரண்டு வருடமாக ஏணியைப் பார்த்தாலே முனகுகிறது. அந்த இடத்துக்கு நான் எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்பது என் முட்டிக்குத்தான் தெரியும். ஆகஸ்ட்டில் நகரசபை, பள்ளிக்கூடக் கூரை வேலைக்கு ஒரு நிபந்தனை போட்டது: மேஸ்திரியாக வருகிறவர், கருவிகள் எத்தனை நாள் தாங்கின என்று பதிவு செய்யும் திருகுக் கருவி ஆயுள் நிலையத்தின் பதக்கம் பெற்றவராக இருக்க வேண்டும். கெம்ப்னர் அம்மா நிபந்தனையைச் சுவரில் ஒட்டினார். அடுத்த வாரமே ஃபோல்க்மாருக்கு அந்த ஜாடி ஞாபகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனோம். அலமாரி நடுவில், பீங்கான் சாமான்களை ஒதுக்கிவிட்டு, அந்த வெள்ளரிக்காய் ஜாடியை வைத்திருந்தார்கள்.

"உக்காரு மச்சான், பிளம் கேக் எடுத்துக்க," என்றான் ஃபோல்க்மார். "பேப்பர் பாத்தியா?"

"பாத்தேன்."

"படம் எப்படி?"

"அடாப்டர் நல்லா விழுந்திருக்கு."

அவன் சிரித்தான். நான் கேக்கை எடுக்கவில்லை. "மாப்ள, அது ஒடஞ்சு மூணு வருஷம் ஆச்சே," என்றேன்.

"ஆச்சுதான். ஆனா நிலையத்துல யாரும் அதக் கேக்கல மச்சான். எப்ப வாங்குனீங்கன்னு கேட்டாங்க, பில்லக் காட்டுனேன். அன்னிக்குத் தேதியப் போட்டு முத்திரை குத்துனாங்க. கழிச்சுப் பாத்துட்டு அவங்களே எந்திரிச்சு நின்னுட்டாங்க."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"அதிகாரிங்க எந்திரிச்சு நிக்கறப்ப உக்காருங்கன்னு எப்படிச் சொல்றது?"

என் தங்கை ஹைட்ரூன் காப்பிக் கெண்டியை மேசையில் டொக்கென்று வைத்தாள். "அவரு நாலு பேரு மெச்ச ஒரு நாள் நின்னா ஒனக்கு ஏன்ணா மூஞ்சி இப்படிப் போகுது? ஒன்னோடத நீயும் கொண்டுபோய்க் குடேன். யாரு வேண்டாங்கறா?"

அதுவும் சரிதானே என்று பட்டது. என்னுடையது நான்கு வயதை எட்டப்போகிறது. அவனுடையது ஜாடியில் படுத்திருந்த காலம் முழுக்க இது கூரையில் உழைத்தது. கொண்டுபோய் நீட்டினால் பதக்கத்தை என் சட்டையில்தான் குத்தியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நிலையத்துக்குப் போனேன். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கல அடாப்டர் நிற்கிறது, கழுத்து முறிந்தபடி. நாற்பது வருடத்துக்கு முன்பு வார்த்தபோதே முறித்துத்தான் வார்த்தார்களாம். உள்ளே எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஐந்து பேர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு டப்பா. ஒருவர் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"எப்ப ஆச்சு?" என்று பக்கத்திலிருந்த பெரியவர் தணிந்த குரலில் அவரைக் கேட்டார்.

"வெள்ளிக்கெழம. பால்கனி வேலையில. நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு போயிடுச்சு."

"அவஸ்தைப்படாம போச்சே, அதச் சொல்லுங்க." பெரியவர் என் பக்கம் திரும்பினார். "உங்களோடது?"

"எனக்கு இன்னும் ஆகலீங்க," என்றேன்.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கவுண்டரில் ஹாகடோர்ன் என்ற எழுத்தர். சாம்பல் நிறக் கோட்டு, சாம்பல் நிறப் படிவம். நான் வைத்த அடாப்டரை எடுத்துப் பூதக்கண்ணாடியில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மத்த பாதி எங்க?"

"ரெண்டு பாதியும் அதுலயேதான் இருக்கு சார்."

"முறிவு எந்த இடம்?"

"முறியல சார். அதனாலதான் கொண்டாந்தேன். நாலு வருஷம், ஒரு லட்சம் போல்ட்டுக்கு மேல. இப்பவும் ஓடுது."

ஹாகடோர்ன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை, ஆஸ்பத்திரியில் தவறான வார்டுக்கு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஹோல்ஷர் சார், பத்தொன்பதாம் கட்டத்தப் பாருங்க. மரணத் தேதி. அதக் காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"அப்ப இதோட ஆயுள் என்னன்னு எழுதுவீங்க?"

"இன்னிய தேதிக்குப் பூஜ்ஜியம். சாகாததுக்கு ஆயுள் எப்படி எழுதறது? சாகட்டும், நிம்மதியா எழுதிக்கலாம்."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்தக் கட்டடத்தில் உயிரோடு இருக்கிற யானைக்குச் செப்புக்காசு கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். பொறாமை பிடித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. "போன மாசம் ஃபோல்க்மார் ஸ்டூவேன்னு ஒருத்தர் வந்தாரே," என்றேன். "அவரு அடாப்டர் செத்து மூணு வருஷம் ஆச்சு சார். எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்படி எங்களுக்குத் தகவல் இல்லையே. முத்திரை விழற நாள்தான் மரணம். அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் வதந்தி."

"மூணு வருஷம் வெள்ளரிக்கா ஜாடியில கெடந்தது சார்."

ஹாகடோர்ன் பேனாவை எடுத்தார். "ஜாடியிலயா? கழுவுன ஜாடியா?"

"ஹைட்ரூன் கழுவி வச்சிருக்க மாட்டா. உப்பும் வினிகரும் அப்படியே இருந்திருக்கும்."

"உப்பு, வினிகர்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "மூணு வருஷம். அந்த நெலமையிலயும் தாங்கியிருக்கு. அவரு எவ்வளவு அடக்கமான மனுஷன் பாருங்க, இதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

"சார், அந்த மூணு வருஷம் வேல செஞ்சது இது." என் அடாப்டரைத் தட்டிக் காட்டினேன்.

அவர் படிவத்தை மேலிருந்து கீழ் வரை உண்மையாகவே தேடிப் பார்த்தார். "வேல செஞ்சதுக்குக் கட்டம் இல்லீங்களே," என்றார். மணி பன்னிரண்டு அடித்தது. "மால்ட்சைட்," என்று மதிய வணக்கம் சொல்லிவிட்டு, "உயிரோட இருக்கற கேஸெல்லாம் டாக்டரம்மா பாக்கறது, ஒன்னேகாலுக்குப் பரிசோதனைக் கூடத்துக்குப் போங்க," என்று கதவை இழுத்து மூடினார்.

அடுத்த சனிக்கிழமைப் பத்திரிகையில் ஃபோல்க்மாரின் படம் ஒன்பதாம் பக்கத்துக்கு ஏறியிருந்தது. 'உப்பு நீரிலும் கலங்காத உறுதி: இரண்டாவது விருது.' நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்திருக்கிறேன். அந்த நுணல் அடுத்தவனுக்கு விருது வாங்கிக் கொடுத்ததாகப் படித்ததில்லை.

பரிசோதனைக் கூடத்தை விட்டுவிட்டேனே. டாக்டர் ஸீக்லிண்டே பிராம்கம்ப் அந்த நிலையத்தின் தலைவி, முறிவியலில் பட்டம் வாங்கியவர். கூடத்துக்குள் நுழையும்போதே உதட்டில் விரலை வைத்தார். செருப்புக்கு மேல் கம்பளி உறை மாட்டச் சொன்னார். நடுவில் வீடு அளவுக்கு ஒரு இயந்திரம். அதன் தாடையில் மெத்தென்ற துணி சுற்றி, அதற்குள் ஒரு அடாப்டர். அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை.

"சுத்துது," என்று டாக்டர் காதோரமாகச் சொன்னார். "நாப்பது நிமிஷத்துக்கு ஒரு சுத்து."

"அடி எப்ப விழும் மேடம்?"

"எந்த அடி?"

"இம்பாக்ட் அடி. இது இம்பாக்ட் டிரைவர்ல மாட்டற அடாப்டர் ஆச்சே."

அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மணி ஒன்று இருபது. எங்கள் ஊரில் ஒன்றிலிருந்து மூன்று வரை மதிய அமைதி. அந்த நேரத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்தவனைப் பற்றி இருபது வருடம் கழித்தும் பேசுவார்கள். எங்கள் கூரை வேலையில்கூட அந்த இரண்டு மணி நேரம் போல்ட்டைத் தொடாமல் வயர் இழுத்துக்கொண்டிருப்போம்.

"அப்ப காலையில டெஸ்ட் பண்ணலாமே மேடம்?"

"காலையில கூட்டம். மூணு மணிக்கு மேல அறிக்கை எழுதணும். பரிசோதனைக்கு ஒதுக்குனது ஒன்னுலேந்து மூணுதான்."

"நேரத்த மாத்த முடியாதா?"

"காலைக் கூட்டத்துல முடிவு பண்ணணும். நிகழ்ச்சி நிரல்ல எடம் இல்ல. இருபத்தாறு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கு." டாக்டர் இயந்திரத்தின் மேல் பாசமாகக் கை வைத்தார். "ஆனா ஒன்னு சொல்றேன். இந்த இருபத்தாறு வருஷத்துல எங்க பரிசோதனையில ஒரு அடாப்டர்கூட ஒடஞ்சதில்ல. எங்க தரம் அப்படி. அதனாலதான் மரணத்துக்கு மட்டும் பொதுமக்கள நம்பியிருக்கோம்."

என் அடாப்டரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பாருங்க ஹோல்ஷர் சார், ஆயுள்ங்கறது முடிஞ்ச பின்னாடி தெரியற விஷயம். இதுக்கு நடக்கறது ஆயுள் இல்ல. தாமதம்."

"நானே ஒடச்சுக் கொண்டாந்தா?"

"கொலை. அது செல்லாது. நாங்க கண்டுபிடிச்சுடுவோம்."

"எப்படி மேடம்?"

"இருபதாம் கட்டத்துல கேக்கறோமே. நீங்களா ஒடச்சீங்களா, ஆம், இல்லை."

"இல்லைன்னு எழுதிட்டா?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "படிவத்துல எப்படிங்க பொய் எழுதுவாங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி அன்னெக்ரெட், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "ஒடச்சுத் தொலைங்களேன்," என்றாள். "முட்டி வலி ஒங்களுக்கா, அந்த இரும்புக்கா?"

"இயற்கையா ஒடயணுமாம்."

"இயற்கையாத்தான். நல்லா வேல வாங்குங்க. மனுஷனே அதுல போயிடறான்."

சனிக்கிழமை மூன்று மணி அடித்ததும் கராஜில் ஆரம்பித்தேன். பழைய ரயில் கட்டை ஒன்றில் முழ நீளப் போல்ட்டுகளை இறக்கினேன். துளை போடாமல் இறக்கினேன். இறக்கியதைத் திரும்பக் கழற்றி மறுபடி இறக்கினேன். இரண்டு பேட்டரி தீர்ந்தது. சாக்கெட் வெடித்தது. கட்டை இரண்டாகப் பிளந்தது. ஆறரை மணிக்கு இம்பாக்ட் டிரைவர் புகைந்து நின்றது. அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அதை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கிச் சுத்தியலை எடுத்தேன். இருபதாம் கட்டத்தில் இல்லை என்று எழுதிவிடுவது என்ற முடிவுக்கே வந்திருந்தேன். ஓங்கினேன். கழுத்தில் என் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த இடம் விளக்கில் மின்னியது. கை இறங்கவில்லை. நான்கு வருடம், மழை, பனி, ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அழுதுவிடுவேன் போல நின்றேன். ஃபோல்க்மாராக இருந்தால் எப்போதோ உடைத்திருப்பான், அதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவன் மேல்தான் எரிச்சல் வந்தது.

செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை விழா. நிலையத்தின் பெரிய மண்டபத்தில் இருநூறு பேர். கெம்ப்னர் அம்மா முதல் வரிசையில். சுவரெல்லாம் கண்ணாடிப் பெட்டிகள், அவற்றில் ஆறாயிரம் அடாப்டர்கள், பஞ்சுமேல் படுத்தபடி. மேடைக்குப் பின்னால் ஓக் மரப் பலகையில் 'நீடித்தோர் சுவர்'. அதில் ஃபோல்க்மாரின் பெயர் பொறித்த வெண்கலத் தகட்டை எல்லோர் முன்னிலையிலும் நான்கு போல்ட்டுகளால் பூட்ட வேண்டும் என்பது சம்பிரதாயம். முந்தைய தகடு பூட்டி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

டாக்டர் பிராம்கம்ப் பேசினார். "வெற்றி பெற்றவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவரது அடாப்டர் தன் கடமையை முடித்துக்கொண்டது. முடித்துக்கொள்ளத் தெரிந்தது. இன்றைக்கு எத்தனையோ கருவிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எந்த ஆவணமும் இல்லாமல், எந்தப் பொறுப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்து ஓர் ஆய்வு நிலையம் என்ன செய்ய முடியும்?" மண்டபம் தலையாட்டியது. என் பையில் இருந்ததைக் கையால் மூடிக்கொண்டேன், அது கேட்டுவிடக் கூடாது என்பது போல.

தகட்டைப் பூட்டும் நேரம் வந்தது. ஹாகடோர்ன் மூன்று இழுப்பறைகளைத் திறந்து மூடிவிட்டு டாக்டரிடம் போய்க் குனிந்தார். மைக் அணைக்கப்படவில்லை.

"டிரைவர் இருக்குங்க, சாக்கெட் இருக்குங்க. நடுவுல மாட்டறதுக்கு முழு அடாப்டர் ஒன்னுகூட இல்லீங்க."

இருநூறு பேரும் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தார்கள். ஃபோல்க்மார் மட்டும் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினான். கையை நீட்டினான்.

"மச்சான், அதக் கொஞ்சம் தள்ளு."

கொடுக்கவில்லை. நானே எழுந்து மேடைக்குப் போனேன். இந்தத் தடவை என் சாமானை என் கையாலேயே பிடிப்பது என்று தீர்மானித்தேன். டிரைவரில் அடாப்டரை மாட்டினேன், சாக்கெட்டை மாட்டினேன். டாக்டர் என் தோளைத் தொட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். ஒன்று நாற்பது.

"சத்தம் வருமே," என்றார்.

"இம்பாக்ட் மேடம். வரும்."

அவர் யோசித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, "விழாக் கைதட்டலுக்கு மதிய அமைதியில் விலக்கு உண்டு. இவர் விசையை அழுத்தும்போதெல்லாம் தயவுசெய்து எல்லோரும் கைதட்டுங்கள்," என்றார்.

அழுத்தினேன், கைதட்டினார்கள். விட்டேன், நிறுத்தினார்கள். முதல் போல்ட்டு, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஃபோல்க்மார் மேடையில் தலை குனிந்து வணங்கினான். வேலை செய்வது என் அடாப்டர், கைதட்டல் வாங்குவது அவன்.

நான்காவது போல்ட்டில் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இது இப்போது முறிந்தால்? இருநூறு சாட்சி, பணியிலிருக்கும்போது, இயற்கையான சாவு. நான்கு வருடம் ஒன்பது நாள். முத்திரை பக்கத்து அறையில். மாலைக்குள் பதக்கம், திங்கட்கிழமை நான் மேஸ்திரி. போல்ட்டு முழுக்க இறங்கிய பிறகும் விசையை விடவில்லை. போ, போய்த் தொலை, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அடி மேல் அடி விழுந்தது. கைதட்டியவர்களின் உள்ளங்கை சிவந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும். பட்டென்று முறிந்தது.

போல்ட்டின் தலை தெறித்து டாக்டரின் காலடியில் போய் விழுந்தது. என் அடாப்டர் அப்படியே இருந்தது.

டாக்டர் பிராம்கம்ப் குனிந்து போல்ட்டுத் தலையைக் கைக்குட்டையால் எடுத்தார். முறிந்த முகத்தைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. அவர் கண்முன்னே ஒன்று முறிந்தது அதுதான் முதல் தடவையாம். "இதுக்கு எத்தன வயசு?" என்றார்.

"காலையில எட்டு மணிக்கு வாங்குனதுங்க," என்றார் ஹாகடோர்ன்.

"அஞ்சு மணி நாப்பது நிமிஷம். போல்ட்டுப் பிரிவுல இதுவரைக்கும் பதிவே இல்ல. சாதனைன்னு எழுதிக்குங்க."

ஹாகடோர்ன் முத்திரையைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். எனக்கு அந்தப் போல்ட்டின் மேல் பொறாமை வந்தது. ஒரு மனுஷன் இந்த அளவுக்கு இறங்கலாமா என்று கேட்கலாம். இறங்கினேன்.

"மேடம், இதப் பத்தி ஏதாச்சும்?" என்று அடாப்டரைக் காட்டினேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இன்னும் அப்படியேதான் இருக்கா, பாவம்," என்றார்.

கேக் வைத்திருந்த மேசையருகே கெம்ப்னர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "கிஸ்பெர்ட், நான் எல்லாத்தையும் பாத்தேன். அந்தத் தகட்டப் பூட்டுனது யாருன்னும் எனக்குத் தெரியும்."

கண்ணுள்ளவர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன். "மொதலாளியம்மா," என்றேன்.

"அதனாலதான் முடிவு பண்ணேன். ஃபோல்க்மார்கிட்ட பதக்கம் இருக்கு, அடாப்டர் இல்ல. அவர மேல ஏத்தி என்ன பிரயோஜனம்? கீழ நின்னு மேஸ்திரி வேல பாக்கட்டும். ஒங்ககிட்டதான் ஒடயாத சாமான் இருக்கு. நீங்க மேலயே இருங்க."

"எனக்கு முட்டி சரியில்லீங்க."

"முட்டி ஒடஞ்சிருச்சா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

"இல்லீங்க. வலிதான்."

"அப்பச் சரி," என்று கேக்கை என் தட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கூரையில் ஏறினேன். மூன்று மாடி. நாற்பத்தேழு ஏணிப்படி, ஒவ்வொன்றும் முட்டிக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. கீழே முற்றத்தில் ஃபோல்க்மார், சட்டையில் பதக்கம், கையில் டேப்லெட். பதவி வந்த வேகத்தில் அவனுக்கு மதிய அமைதிகூட மறந்துவிட்டது. ஒன்றே காலுக்கு நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது கத்தினான்.

"மச்சான், அந்த அடாப்டரக் கொஞ்சம் எறக்கு. சுவத்துல கரண்டுப் பொட்டி மாட்டணும்."

இறக்குவதற்குக் கயிறும் பையும் இருந்தன. நான் அடாப்டரை எடுத்துக் கூரை விளிம்பில் கையை நீட்டினேன். கீழே கருங்கல் பாவிய தரை. தெரிந்தேதான் விட்டேன். சுத்தியலால் முடியாதது இப்படியாவது முடியட்டும், எனக்கு இல்லாவிட்டால் அவனுக்கும் வேண்டாம் என்று விட்டேன்.

கல்லில் பட்டு டிங் என்றது. இரண்டு தடவை எம்பிக் குதித்து, உருண்டு, ஃபோல்க்மாரின் பூட்ஸைத் தொட்டு நின்றது.

அவன் குனிந்து எடுத்து ஊதினான். டிரைவரில் மாட்டி ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். ஓடியது. பிறகு டேப்லெட்டில் எழுதிக்கொண்டே படித்துக் காட்டினான். "மேலேர்ந்து பொருள் விழுந்தது. பொறுப்பு, கிஸ்பெர்ட் ஹோல்ஷர். கோவிச்சுக்காத மச்சான், விதி." சுவர்ப் பக்கம் போய் முதல் போல்ட்டை வைத்தவன் திரும்பி நிமிர்ந்து பார்த்தான். "இதுக்கு ஆயுசு கெட்டி மச்சான். சாயங்காலம் தரேன்."

அடி விழ ஆரம்பித்ததும் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வெள்ளைத் தலை ஒன்று எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைக் காட்டியது.

ஃபோல்க்மார் விசையை விடாமலே மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். "மச்சான், கை தட்டு."

முட்டியை நீட்டிக் கூரையில் உட்கார்ந்துகொண்டு தட்டினேன். பெட்டிக்கு மொத்தம் எட்டுப் போல்ட்டு.